அமானிதமும் சாவியும்



கடையில் இருப்பவற்றில் எது நம்முடையது, எது பிறருடையது என்று யாராவது கேட்டால், சரக்கு நம்முடையது, கல்லாவில் உள்ள பணம் நம்முடையது, கட்டிடம் வீட்டுக்காரருடையது என்று சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். கணக்கு யாருடையது என்று கேட்டால்? அதுவும் நம்முடையதுதான் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை.

நாள்வழியும் பேரேடும் இன்று பெரும்பாலான கடைகளில் கணினிக்குள் போய்விட்டன. பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு இயந்திரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நாள் நிதானமாக எண்ணிப் பாருங்கள். பற்று வைத்திருக்கும் வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் சிப்பந்திகளின் பாஸ்போர்ட்டு நகல், பெர்மிட்டு நகல், சம்பளக் கணக்கு இருக்கின்றன. சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்கு நாம் தரவேண்டிய பாக்கி இருக்கிறது. வாப்பா காலத்து நிலப் பத்திரத்தின் படம், நிக்காஹ் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கின்றன. நம்மில் பலர் ஏதாவது ஒரு ஜமாஅத்திலோ சங்கத்திலோ பொருளாளராகவும் இருக்கிறோம். ஆகவே ஜக்காத்து வாங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் அதிலேயே கிடக்கிறது. இவற்றில் நம்முடைய சொந்தச் சொத்து எத்தனை? பாதிகூட இராது. மற்றவையெல்லாம் பிறருடைய ஹக்கு. நம்மிடம் வந்து தங்கியிருக்கும் அமானிதம்.

அமானிதத்துக்கு இரண்டு விதமாகத் துரோகம் செய்யலாம். ஒன்று, அதைத் தொலைத்துவிடுவது. மற்றொன்று, காணக்கூடாதவர் கண்ணில் படும்படி விட்டுவிடுவது. பணமாக இருந்தால் இந்த இரண்டும் ஒன்றுதான், தொலைந்தால் போயிற்று. எழுத்தாக இருந்தால் இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. தொலையாமல் காக்க வேண்டுமானால் பல படிகள் எடுத்துப் பல இடங்களில் வைக்கவேண்டும். வெளியாகாமல் காக்க வேண்டுமானால் படிகளைக் குறைத்து ஒரே இடத்தில் பூட்டவேண்டும். ஒரு கடமையைச் செய்யப் புறப்பட்டால் மற்றொரு கடமை கெடுகிறது. இணையத்தில் கோப்புகளைப் பத்திரப்படுத்துவது பற்றி நம் கடைக்காரர்கள் பேசிக்கொள்ளும்போது விலையையும் வேகத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்த முடிச்சைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஆகையால் எனக்குத் தெரிந்த அளவில் நான் பேசத் துணிகிறேன். ஆலிம்கள் பிழை கண்டால் திருத்தட்டும்.

முதலில் தொலைவதைப் பற்றிச் சொல்கிறேன்.

திருமறையிலேயே மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடுவான்: அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியோ ஹஜ்ஜைப் பற்றியோ அன்று, கடன் கணக்கை எழுதுவதைப் பற்றியது. தவணைக் கடனை எழுதிவைக்க வேண்டும், எழுதுகிறவன் நீதமாக எழுத வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ சலிப்படையாமல் எழுத வேண்டும், எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு வரக்கூடாது என்றெல்லாம் அதில் விரிவாகக் கட்டளை இருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் இதில் பெருமை கொள்ளலாம். அதைவிடப் பயமும் கொள்ளலாம். ஏனெனில் எழுதச் சொன்னது எழுதிய அன்றே அழிந்துபோவதற்கு அல்லவே. எழுத்து ஒரு சாட்சி. அதைக் கவனமின்றி அழியவிடுகிறவன் சாட்சியைக் குழிதோண்டிப் புதைக்கிறான்.

யாருடைய சாட்சி என்பதையும் பார்க்க வேண்டும். நமக்கு வரவேண்டிய பாக்கி அழிந்தால் நஷ்டம் நமக்கு. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நன்மையாகவும் கருதலாம். நாம் கொடுக்கவேண்டிய பாக்கி அழிந்தால் நஷ்டம் யாருக்கு? சிப்பந்தி ஒருவன் நம்மிடம் சேர்த்துவைத்த சம்பளப் பணத்தின் கணக்கு அழிந்தால்? அவன் வாய்ச்சொல்லைத் தவிர அவனுக்கு வேறு ஆதாரம் ஏது? ஆகவே கணக்குக்கு ஒரு மறுபடி எடுத்துவைப்பது, நம்மிடம் வரவேண்டியவர்களுக்கு நாம் செலுத்தும் கடமை என்பது என் அபிப்பிராயம். செய்தாலும் செய்யலாம் விட்டாலும் விடலாம் என்ற வகையில் இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

எங்கள் கடை வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தப் பேச்சை எடுத்தால், "தம்பி, எல்லாத்தையும் அல்லாஹ் பார்த்துக்குவான்" என்று கையை மேலே காட்டிவிடுவார். அவரே இரவில் கடைக்கு மூன்று பூட்டுப் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது கடைக் கதவுக்கு மட்டும் பொருந்தும், கணக்குக்குப் பொருந்தாது என்று யார் வகுத்தார்கள்?

அழிவு எங்கிருந்தும் வரும். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளிலும் வெள்ளம் புகுந்தபோது கடைகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கணினியும், அதற்குப் பக்கத்தில் மேசை இழுப்பறையில் வைத்திருந்த நகலும் ஒரே தண்ணீரில் மூழ்கும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு படிகளை இரண்டு என்று எண்ணக்கூடாது. 2017 மே மாதத்தில் கணினிகளின் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஒரு கொள்ளை நச்சு நிரல், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. அந்த வகைக் கொள்ளை அதோடு நின்றுவிடவில்லை, இன்றும் நடக்கிறது. கணினியோடு எப்பொழுதும் இணைத்தே வைத்திருக்கும் நகலையும் அது சேர்த்தே பூட்டிவிடும்.

பெரிய இடங்களில் இப்படியெல்லாம் நடக்காது என்று எண்ணுவதும் தவறு. பிரான்சு தேசத்தின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்னும் கம்பெனியின் தரவு நிலையம் 2021 மார்ச் 10-ஆம் தேதி தீப்பற்றி எரிந்தது. அசலையும் நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் போயின. தென் கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அரசாங்கத் தரவு நிலையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பகம் அழிந்தது. அழிந்த அளவு 858 டெராபைட். வெளியே அதற்கு ஒரு மறுபடி இல்லை. அதே சமயம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியின் கணக்கு முழுவதும் 2024 மே மாதத்தில் கூகிள் கம்பெனியின் கிட்டங்கியில் தவறுதலாக அழிக்கப்பட்டது. அவர்கள் வேறொரு கம்பெனியிடமும் ஒரு படி வைத்திருந்தார்கள், மீண்டு எழுந்தார்கள். ஒரு நாட்டின் அரசாங்கம் செய்யத் தவறியதை ஒரு நிதி நிறுவனம் செய்திருந்தது. நம் மளிகைக் கடையும் செய்யலாம். பெரிய செலவு பிடிக்கிற காரியம் அன்று.

ஆகவே வெளியே ஒருவரிடம் ஒப்படைத்தே தீரவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இதைக் கிளவுடு என்கிறார்கள். எனக்குக் கிட்டங்கி என்று சொல்வதே எளிதாக இருக்கிறது. எவனோ ஒருவன், எந்தத் தேசத்திலோ, வாடகைக்கு விட்டிருக்கும் கிட்டங்கி.

நிற்க. இனி இரண்டாவது துரோகத்துக்கு வருவோம்.

நம் பாட்டன்மார் இந்த மண்ணில் சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பிய விதம் உங்களில் பலருக்குக் கேள்வியாகவாவது தெரிந்திருக்கும். ரஜூலாக் கப்பலில் ஊருக்குப் போகும் ஒருவர் வசம் நகையையும் கடிதத்தையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பொட்டலத்துக்குத் தையல் போட்டு, அரக்கு வைத்து, முத்திரை பதிப்பதும் உண்டு. எடுத்துப் போகிறவர் அதைக் கண்டு கோபித்துக்கொள்வதில்லை. "என்னை நம்பவில்லையா?" என்று கேட்பதில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி, முத்திரை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால், அவருடைய நாணயத்துக்கு அந்த அரக்கே சாட்சி. முத்திரை கொடுத்தவரைக் காத்தது. எடுத்துச் சென்றவரையும் காத்தது.

இணையக் கிட்டங்கிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு ஜாதியில், நம் கோப்பு அவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகு அவர்களே பூட்டி, சாவியை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். பெயர்பெற்ற பெரிய கம்பெனிகளின் சாதாரண ஏற்பாடு இதுதான். பூட்டு என்னவோ நல்ல பூட்டுத்தான். ஆனால் சாவி நம்மிடம் இல்லை. மற்றொரு ஜாதியில், கோப்பு நம் கணினியை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது. அவர்களிடம் போய்ச் சேருவது வெறும் கிறுக்கல். திறக்கும் சாவி நம்மை விட்டு வெளியே போவதே இல்லை. அவர்களே விரும்பினாலும் வாசிக்க முடியாது. அரக்கு வைத்த பொட்டலம் என்று சொன்னேனே, அது இந்த ஜாதி. அரக்கை உடைத்துப் பார்க்கலாம். இதை உடைக்கவும் முடியாது என்பதுதான் வித்தியாசம்.

முதல் ஜாதிக் கம்பெனிகளைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபாண்டம். என் வாதம் வேறு. ஒரு முதலாளி கல்லாப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு நாள்தோறும் வெளியே போகிறார். கடைப் பையன் ஒரு நாள் கை வைத்துவிடுகிறான். குற்றம் பையனுடையது, சந்தேகமில்லை. முதலாளிக்கு அதில் ஒரு பங்கும் இல்லையா? பலவீனமான மனிதனுக்கு முன்னால் அவசியமில்லாமல் ஒரு சோதனையை நிறுத்தியவர் அவர்தானே. சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு அவர்களுடைய நல்ல குணத்தை நம்பியிருப்பது இந்த வகைதான். அந்தக் கம்பெனியில் ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் தவறலாம். நீதிமன்றமோ வேற்று நாட்டு அரசாங்கமோ கேட்டால் அவர்கள் திறந்து கொடுத்தாக வேண்டும். திருடன் உள்ளே புகலாம். டிராப்பாக்ஸ் கம்பெனியில் 2012-இல் நடந்த ஒரு திருட்டின் முழு அளவு 2016-இல்தான் வெளியே வந்தது: 6 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளின் மின்னஞ்சல் முகவரியும், உருமாற்றிய கடவுச்சொல்லும் போயிருந்தன. நமக்கு அருகில் சிங்கப்பூரில், ஒழுங்குக்குப் பேர்போன நாட்டில், 2018-இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடப்பட்டது. அந்நாட்டுப் பிரதமரின் விவரமும் அதில் இருந்தது.

"நான் ஹலாலான வியாபாரம் செய்கிறேன், எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கிப் போகும் விதவைக்கு மறைக்க இருக்கிறது. மகளின் நிக்காஹுக்காக ஜமாஅத்தில் உதவி பெற்றவருக்கு மறைக்க இருக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தர்மம் செய்பவரின் சிறப்பை ஜும்ஆப் பிரசங்கத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அப்படி மறைவாகக் கொடுத்த ஸதகாவை, வாங்கியவரின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரியோடு ஒரு பட்டியலாக்கி, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய இலவசக் கிட்டங்கியில் போட்டு, அதன் இணைப்பை வாட்ஸ்அப்பில் இருபது பேருக்கு அனுப்பிவைக்கிறோம். இடக்கை மட்டுமா அறிகிறது? இரகசியத்தை வெளியிட நமக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் முன், இரகசியம் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

மற்றொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. யாராலும் திறக்க முடியாத பூட்டு என்றால், வரி ஏய்ப்பவனுக்கும் இரட்டைக் கணக்கு எழுதுகிறவனுக்கும் அது நல்ல வசதி அல்லவா? அதை நல்லவன் ஆதரிக்கலாமா? யோசிக்க வேண்டிய விஷயம்தான். பூட்டு என்பது கள்ளனுக்கும் ஒன்று, நல்லவனுக்கும் ஒன்று. கள்ளன் தன் வீட்டைப் பூட்டுகிறான் என்பதற்காக நாம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை. வித்தியாசம் பூட்டில் இல்லை. கேட்க உரிமை உள்ளவர் கேட்கும்போது திறக்கிறோமா என்பதில் இருக்கிறது. மலேசியாவில் வியாபாரக் கணக்கை 7 ஆண்டும், சிங்கப்பூரில் 5 ஆண்டும் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அதிகாரி முறைப்படி வந்து கேட்டால், சாவியை வைத்திருக்கிற நாமே திறந்து காட்ட வேண்டும். நமக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய்க் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மேலும் பிறருடைய சொந்த விவரங்களைப் பாதுகாக்கும் கடமையை மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் வியாபாரிகள் தலையிலேயே வைத்திருக்கின்றன. மார்க்கம் சொன்னதைச் சட்டம் காலம் தாழ்த்திச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பூட்டுக் கலை மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இரகசிய எழுத்தை எப்படி உடைப்பது என்பதை முறைப்படி எழுதிவைத்தவர் பக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி. ஒரு மொழியில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்து, மறைத்து எழுதியதிலும் அதே அளவில் வரும் குறியைக் கண்டுபிடிப்பது அவர் காட்டிய வழி. நம் முன்னோர் கடிதங்கள் எழுதிய அரபுத் தமிழையும் நினைத்துப் பாருங்கள். இரகசியத்துக்காக அவர்கள் அப்படி எழுதவில்லை. ஆனாலும் தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு எழுத்து விளங்காது. அரபு மட்டும் தெரிந்தவனுக்கு ஓசை வரும், பொருள் வராது. இரண்டும் தெரிந்த நம் வீட்டுப் பெண்மக்கள் கடகடவென்று வாசிப்பார்கள்!

ஆனால் இன்றைய பூட்டுக்கும் அரபுத் தமிழுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அரபுத் தமிழின் முறை தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். இன்றைய நல்ல பூட்டின் முறையோ உலகம் முழுவதற்கும் தெரியும். 2001-இல் அமெரிக்காவில் அரசாங்கத் தரமாக ஏற்கப்பட்ட ஏஇஎஸ் என்னும் முறையே பெரும்பாலும் எங்கும் நடப்பில் இருக்கிறது. அதை அமைத்தவர்கள் பெல்ஜிய நாட்டார் இருவர். முறை பகிரங்கம், சாவி மட்டும் இரகசியம். ஆகவே "எங்கள் முறை பரம இரகசியம், யாருக்கும் சொல்லமாட்டோம்" என்று விளம்பரம் செய்கிறவனிடம் நான் போகமாட்டேன். தராசை மறைத்துவைத்து நிறுக்கிற கடைக்கு நீங்கள் போவீர்களா? தராசு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கவேண்டும். சோதனை செய்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். மென்பொருளின் உள்ளமைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டு, வெளியாரைக் கொண்டு சோதனையும் செய்வித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நான் எந்தக் கம்பெனிக்கும் தரகன் அல்ல. பெயர் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ரோட்டான் டிரைவ், ட்ரெஸோரிட் ஆகிய இரண்டும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவை. நம் கணினியிலேயே பூட்டி அனுப்பும் ஜாதி. இப்பொழுதுள்ள கிட்டங்கியை மாற்ற மனமில்லாதவர்களுக்கு க்ரிப்டோமேட்டர் என்னும் மென்பொருள் இருக்கிறது. கணினியில் இலவசம், அதன் உள்ளமைப்பும் பகிரங்கம். அது முதலில் பூட்டித் தரும், பிறகு அந்தப் பூட்டிய பெட்டியை எந்தக் கிட்டங்கியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இன்னும் பல உண்டு. கம்பெனிகளின் குணம் மாறும், கை மாறும், ஆகையால் பெயரைவிடக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்வது மேல். கம்பெனிக்காரனிடம் இப்படிக் கேளுங்கள்: "என் கடவுச்சொல்லை நான் அடியோடு மறந்துவிட்டால், வேறு எதுவும் என் கையில் இல்லாமல், என் கோப்புகளை நீங்கள் திறந்து தருவீர்களா?" தருவோம் என்று அன்போடு சொன்னால், சாவி அவனிடமும் இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால், அவன்தான் நமக்கு வேண்டியவன். உபகாரம் செய்ய முடியாதவனைத் தேடிப் போவது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

இன்னும் ஒன்று. நம்மிடம் உள்ள கோப்பை அப்படியே பிரதிபலித்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைப் பலர் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே நச்சு நிரல் பூட்டினால் அங்கேயும் பூட்டியதே போய்ச் சேரும். பழைய பிரதிகளை முப்பது நாளாவது வைத்திருக்கிறானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதோடு கையடக்கமான ஒரு வன்தட்டில் மாதம் ஒரு தடவை படி எடுத்து, அதையும் பூட்டி, வீட்டில் வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திருப்பி வாங்கிப் பார்க்காத வரையில் கொடுத்துவைத்தது இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

இனி, இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்த இடத்துக்கு வருகிறேன்.

சாவி நம்மிடம் மட்டுமே இருக்கிறது. கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. நல்லது. நாளை நாம் மௌத்தானால்?

மக்கத்துக் குறைஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள். அதே மக்கத்து மக்கள் தங்கள் பொருள்களை அவர்களிடமே கொடுத்துவைத்திருந்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஹிஜ்ரத்துப் புறப்பட்ட இரவில், உயிருக்கே ஆபத்தான அந்த நேரத்தில், ஒவ்வொருவருடைய அமானிதத்தையும் உரியவரிடம் சேர்க்கும்படி அலி (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இது: பத்திரமாக வைத்திருந்ததோடு அமானிதம் தீர்ந்துவிடவில்லை. தாம் அந்த இடத்தில் இல்லாமற்போனாலும் அது உரியவர் கைக்குப் போய்ச் சேர வழி செய்த பிறகே தீர்ந்தது. யாருக்கும் தெரியாத இடத்தில், யாராலும் திறக்க முடியாதபடி பூட்டிவைத்துவிட்டு மரணிப்பவர், அமானிதத்தைக் காத்தவர் ஆகமாட்டார். அதைத் தம்மோடு கப்ருக்குள் எடுத்துச் செல்கிறார்.

மய்யித்தின் சொத்தை வாரிசுகள் பங்கிடும் முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது அந்நிஸாவில் வரும் கட்டளை. எந்தக் கடன் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? நாம் கொடுக்கவேண்டிய பட்டியல் சுவிட்சர்லாந்தில் பூட்டிய பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது! கடன்பட்ட நிலையில் இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்காமல் நாயகம் (ஸல்) அவர்கள் விலகி நின்றதும், தோழர் ஒருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் ஹதீஸில் வந்திருக்கிறது. அங்கே கடன் இன்னது என்று தெரிந்திருந்தது, ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்வர முடிந்தது. தெரியாத கடனை யார் ஏற்பது? சாதாரணக் கிட்டங்கியிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. இரண்டு ஆண்டுகள் உபயோகிக்காத தனியாள் கணக்கை உள்ளே இருப்பவற்றோடு அழித்துவிடலாம் என்று கூகிள் கம்பெனி விதி செய்து, 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாரிசுகள் விவரம் தெரிந்து தேடி வருவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடாதா? நமக்குப் பின் இன்னாருக்குத் திறந்துவிடு என்று முன்கூட்டியே பதிந்துவைக்க கூகிளும் ஆப்பிளும் வசதி செய்திருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறோம்?

ஆகவே முடிச்சு மறுபடியும் வந்து நிற்கிறது. உயிரோடு இருக்கும்வரை எவரும் திறக்கக்கூடாது. இறந்த மறுநாள் உரியவர் திறக்க வேண்டும். இதற்குக் கம்பெனிக்காரனிடம் மருந்து இல்லை. பழைய காலத்து மருந்துதான்: காகிதம், உறை, முத்திரை, இரண்டு நல்ல மனிதர்.

சிலர் கடவுச்சொல்லைப் பாதியாக்கி, முதற்பாதியை மனைவியிடமும் மறுபாதியைத் தம்பியிடமும் கொடுக்கச் சொல்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இருவரில் ஒருவர் தொலைத்தாலும் இருவருடையதும் வீண் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. முழுச் சொல்லையும், கம்பெனி கொடுக்கும் மீட்புச் சொற்களையும் (ப்ரோட்டானில் அவை பன்னிரண்டு சொற்கள்) காகிதத்தில் தெளிவாக எழுதி, இரண்டு உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, இரண்டு தனித்தனி இடங்களில் வைப்பதே என் விருப்பம். ஒன்று வீட்டில். மற்றொன்று வஸிய்யத்துப் பத்திரத்தோடு, அது யாரிடம் இருக்கிறதோ அவரிடம். வஸிய்யத்து எழுதவேண்டிய பொருள் உள்ளவன் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவு கழிக்கலாகாது என்று படித்த நாம், நாற்பது வயதைத் தாண்டியும் எழுதாமல் இருக்கிறோம். அது வேறு வருத்தம்.

வீட்டில் என்றால் யாரிடம்? மனைவியிடம்தான். இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. கடைக் கணக்கு வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பது இவர்கள் கொள்கை. முப்பது வருஷமாக நம் வீட்டையும் மானத்தையும் காத்துவருகிறவளிடம் ஓர் உறையைக் கொடுக்கப் பயப்படுகிறவர், முகம் தெரியாத கம்பெனிக்காரனிடம் எல்லாவற்றையும் திறந்தே கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. உள்ளே இருப்பதில் அவள் பார்க்கக்கூடாதது ஏதேனும் உண்டானால், அதற்குப் பரிகாரம் உறையை மறைப்பது அன்று.

ஜக்காத்துப் பட்டியல் போன்ற பிறருடைய இரகசியங்களை மட்டும் இந்த உறையில் சேர்க்கக்கூடாது. அவை நம் வாரிசுக்குச் சேரவேண்டியவை அல்ல. நமக்குப் பின் பொறுப்புக்கு வருபவருக்குச் சேரவேண்டியவை. அவற்றுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. சங்கத்தின் பெட்டிக்குரிய சாவி தலைவர் ஒருவரிடமோ பொருளாளர் ஒருவரிடமோ மட்டும் இருப்பதும் சரியன்று; இரண்டு நிர்வாகிகளிடம் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புது நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது அலமாரிச் சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் முத்திரையையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறோம். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்த்து, கடவுச்சொல்லையும் அன்றே ஒப்படைத்து, புதியவர்கள் அன்றிரவே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய நிர்வாகிகள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.